புதுக் கடல் தொட்டியில் பழுப்புப் பாசி: வில்லாபுரத்தில் நாலரை மாதம் ஓடிய ஆர்ஓ-டிஐ யூனிட்

மதுரையில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் லைட்டுக்கும், கழிவை நுரையாக எடுக்கிற ஸ்கிம்மருக்கும் என்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எல்லாம் எடுக்கிற ஆர்ஓ-டிஐ யூனிட்டுக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். நான் அதைக் கடைசியாக வாங்கினேன், அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. கீழவாசல் பக்கம் வீட்டு ஃபில்டர் சர்வீஸ் செய்யும் ஒருவர் எனக்கென்று உதிரி பாகங்களை வாங்கிப் பொருத்திக் கொடுத்த யூனிட் இது, பெட்டியில் வந்த கம்பெனிப் பொருள் இல்லை. எது நன்றாக வேலை செய்தது, எங்கே அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது, எந்தப் பாசிக்கு இது ஒன்றுமே செய்யாது என்பதையெல்லாம் பார்த்தபடி எழுதுகிறேன்.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 150 லிட்டர். உலர்ந்த கல் 15 கிலோ, அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல், ரீஃப் சால்ட் என்கிற தொட்டி உப்பு. பொங்கல் கழிந்த வாரம் தண்ணீர் நிரப்பினேன். குடிக்கிற தண்ணீருக்கு வீட்டில் ஏற்கனவே ஆர்ஓ இருக்கிறதே, அதைவிட என்ன சுத்தம் வேண்டும் என்று நினைத்து, நாலு நாள் டிரம்மில் பிடித்துச் சேர்த்து உப்பு கலந்து ஊற்றினேன். தொட்டி வாங்கிய கடையில் சொன்னபடி ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டு அழுக விட்டேன், அதிலிருந்து அம்மோனியா வரும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதன் பின்னால் வரும் என்பது கணக்கு. லைட் பத்து மணி நேரம் எரிந்தது. மீனும் இல்லை, பவளமும் இல்லை, லைட் எதற்கு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் மணல் மேல் லேசாகப் பழுப்பு ஏறியது. பதினைந்தாவது நாள் மணல், கல், பின்பக்கக் கண்ணாடி, அலை உண்டாக்குகிற வேவ்மேக்கரின் மூடி எல்லாம் காபிப் பொடி தூவியது மாதிரி ஆகிவிட்டது. கையை வைத்து விசிறினால் தூசி மாதிரி பறக்கும், மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். தூரிகையால் தேய்த்து, மணலைக் குழாய் போட்டு உறிஞ்சி, 30 லிட்டர் மாற்றினேன். இரண்டு நாளில் முன்னைவிடக் கூடியது. மறுபடி 30 லிட்டர். மறுபடி கூடியது. தண்ணீர் மாற்றினால் பாசி குறையும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மாற்ற மாற்ற வளர்ந்தது, அந்த மூன்று வாரமும் தூக்கம் சரியாக இல்லை.

அது டயாட்டம். ஒற்றை செல் பாசி, தன்னைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு ஓடு கட்டிக்கொள்ளும், அந்த ஓட்டுக்கு வேண்டிய சரக்கு சிலிகேட். புது மணலும் புதுக் கல்லும் கொஞ்சம் சிலிகேட் விடும், வேறு உயிர்கள் எதுவும் இன்னும் இடம் பிடிக்காத வெற்றுப் பரப்பு நிறைய இருக்கும், அதனால் புதுக் கடல் தொட்டியில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் டயாட்டம் வருவது எங்கேயும் நடப்பதுதான். சிலிகேட் தீர்ந்ததும் தானாகவே அடங்கிவிடும். என் தொட்டியில் அடங்காததற்குக் காரணம், நானே வாளி வாளியாகச் சிலிகேட் ஊற்றிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்தச் சர்வீஸ்காரர்தான். வீட்டு ஆர்ஓவுக்கு கேண்டில் மாற்ற வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எந்தத் தண்ணிய ஊத்துறீங்க?" என்று கேட்டார். நான் வீட்டு ஆர்ஓவைக் காட்டினேன். பாக்கெட்டில் இருந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை எடுத்து ஒரு டம்ளரில் முக்கினார், 95 காட்டியது. போர் தண்ணீர் 1150. "ஆர்ஓ தண்ணி 95 வரலாமா?" என்றேன். மெஷினின் பின்மூடியைக் கழற்றி ஒரு சின்னத் திருகைக் காட்டினார். மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு, அதன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பி, வடிகட்டிய தண்ணீரோடு கலக்கிற வால்வு அது, டிடிஎஸ் கன்ட்ரோலர் என்கிறார்கள். அது போதாது என்று கடைசியில் மினரல் கேண்டில் ஒன்று வேறு. "குடிக்கிற தண்ணிக்கு ருசி வேணும்லண்ணே, ஜீரோ வச்சா சப்புன்னு இருக்குன்னு கஸ்டமர் திட்டுவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், குடிக்கிறவருக்கு அது தேவை. கடல் தொட்டிக்கு அதே திருகு வழியாகத்தான் போர் தண்ணீர் உள்ளே வருகிறது.

நம் ஊர் போர் தண்ணீரில் என்ன இருக்கும் என்று யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். யானைமலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், மேலூர்ப் பக்கம் போனால் கிரானைட் குவாரி, பூமிக்கு அடியில் முழுக்கப் பாறை. அந்த வெடிப்புகளில் ஊறி நிற்கும் தண்ணீர் சுண்ணாம்பை மட்டுமா கரைத்துக்கொண்டு வரும், சிலிகாவையும் சேர்த்தே கொண்டு வருகிறது. சிலிகேட் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன், வீட்டு ஆர்ஓ தண்ணீரில் 5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 5 மில்லிகிராம் வந்தது.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது நிறைய வீட்டு ஆர்ஓக்களில் காப்பர் கேண்டில் வைத்து வருகிறது. நத்தை, இறால், நண்டு, பவளம் எதற்குமே செம்பு ஆகாது, மிகச் சின்ன அளவே கொன்றுவிடும். உங்கள் வீட்டு மெஷின் அந்த வகை என்றால் அந்தத் தண்ணீரைத் தொட்டி பக்கமே கொண்டு போகாதீர்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரும் எனக்குச் சரிப்படவில்லை. பக்கத்தில் போடுகிற கேனின் டிடிஎஸ்ஸை வாரத்துக்கு ஒரு முறை அளந்தேன், ஒரு வாரம் 40, ஒரு வாரம் 110.

சரி, யூனிட்டுக்கு வருகிறேன். 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், பூஸ்டர் பம்ப், 75 ஜிபிடி மெம்பிரேன், அதற்குப் பின்னால் டிஐ ரெசின் (மெம்பிரேன் விட்டுவிட்ட மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் துகள்) நிரப்பிய ஒரு குழாய், மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் பின்னால் தனித்தனியாக அளக்கிற இரட்டை டிடிஎஸ் மீட்டர். சேமிப்புத் தொட்டி கிடையாது, யுவி கிடையாது, மினரல் கிடையாது, டிடிஎஸ் திருகு கிடையாது. எல்லாம் சேர்த்து எனக்கு 9,200 ரூபாய் ஆனது, கூலி உட்பட. 75 ஜிபிடி, அதாவது நாளைக்கு 75 கேலன் என்றால் கணக்குப்படி ஒரு நாளைக்கு 280 லிட்டர் சொச்சம், என் வீட்டு உப்புத் தண்ணீருக்கு மணிக்குப் பத்து லிட்டர் தருகிறது, எனக்கு அது போதும்.

பொருத்திய அன்று மெம்பிரேனுக்குப் பின் 38, ரெசினுக்குப் பின் 0. மாநகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் அதை ஒரு சிண்டெக்ஸில் பிடித்து வைத்து ஓட்டினால் மெம்பிரேனுக்குப் பின்னால் ஒற்றை இலக்கம்தான் வருகிறது, ரெசினுக்கு வேலை நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அதில் குளோரின் இருக்கும், கார்பன் அதைப் பிடித்துவிடும், ஆனால் கார்பனை நேரத்துக்கு மாற்றவில்லை என்றால் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறார், நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் வாரத்திலேயே அவரை இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டேன். ஒன்று, ரெசின் குழாயைச் சுவரில் படுக்கை வசத்தில் மாட்டியிருந்தார், வீட்டு ஆர்ஓவில் எல்லாக் கேண்டிலும் அப்படித்தான் படுத்திருக்கும் என்பதால் பழக்கத்தில் செய்துவிட்டார். ரெசின் மணல் மாதிரி ஒரு பொருள், படுத்த குழாயில் அது கீழே அமர்ந்துவிடும், மேலே ஒரு சந்து உண்டாகும், தண்ணீர் ரெசினைத் தொடாமல் அந்தச் சந்து வழியே ஓடிவிடும். மூன்றாம் நாளே 0 இருந்த இடத்தில் 4 காட்டியது. குழாயை நிமிர்த்தி, கீழிருந்து மேலே போகிற மாதிரி மாற்றி, இன்னும் கொஞ்சம் ரெசின் போட்டு நெருக்கி நிரப்பியதும் 0-க்கு வந்துவிட்டது. இரண்டாவது, யூனிட்டை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி போடும்போது முதல் சில நிமிடம் மெம்பிரேனுக்குப் பின் 200 வரைக்கும் போகும், பிறகுதான் 38-க்கு இறங்கும். நிறுத்தி வைத்த நேரத்தில் அழுக்குப் பக்கத்து உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசிந்துவிடுவதால் வருவது இது. அந்தத் தண்ணீர் ரெசினுக்குப் போனால் ரெசின் வீணாகச் சாகும். மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஒரு குழாய் வைக்கச் சொன்னேன், முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை அதில் வெளியே விட்டுவிட்டுப் பிறகு ரெசினுக்குத் திறக்கிறேன். டீயும் குழாயும் 180 ரூபாய். இரண்டு தடவையும் வந்ததற்குக் காசு வாங்கவில்லை, "எனக்கும் இது புதுசுண்ணே, கத்துக்கிறேன்" என்றார். ஆள் வருவேன் என்று சொன்ன நேரத்துக்கு வருகிறவர்.

அப்புறம் பாசி. யூனிட் போட்ட வாரத்தில் 100 லிட்டரை இரண்டு தவணையில் மாற்றினேன், லைட்டை முழுவதும் அணைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் மணலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. மூன்றாவது வாரம் மணல் வாங்கி வந்த நிறத்துக்கே திரும்பிவிட்டது. லைட்டை அணைத்ததா, தண்ணீரை மாற்றியதா, தானாகவே அடங்குகிற காலம் வந்துவிட்டதா, எது காரணம் என்று என்னிடம் கேட்டிருந்தால் அப்போது மூன்றும் சேர்ந்துதான் என்று சொல்லியிருப்பேன். ஏப்ரலில் நடந்ததுதான் எனக்குத் தண்ணீர் மேல் உறுதியான நம்பிக்கை வரக் காரணம்.

அதற்கு முன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விமர்சனத்தில் மதுரைக்காரர்களுக்கு மிக முக்கியமான இடம் இதுதான். ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கிற தொட்டி, 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் என் ஹாலே 34 டிகிரி. சில்லர் வாங்க என்னால் முடியவில்லை, தண்ணீரின் மேல் நாலு ஃபேன் வைத்திருக்கிறேன், 27-28-ல் நிற்கிறது. ஃபேன் குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். மாசியில் நாளைக்கு 2 லிட்டர் ஆவியானது, சித்திரையில் 4 லிட்டர். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே நிற்கும், அதனால் ஈடு கட்ட நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீரில் கரைந்து வந்தது எதுவும் ஆவியாகாது, ஒவ்வொரு நாளும் தொட்டிக்குள் தங்கிக்கொண்டே போகும். 5 பிபிஎம் சிலிகேட் உள்ள தண்ணீர் 4 லிட்டர் என்றால் நாளைக்கு 20 மில்லிகிராம். 150 லிட்டர் தொட்டியில் அது நாளுக்கு 0.13 பிபிஎம், மாதத்துக்கு 4 பிபிஎம். ஒரு மாதத்தில் 120 லிட்டர் ஊற்றுகிறோம், கிட்டத்தட்ட இன்னொரு தொட்டித் தண்ணீர். குளிர் ஊரில் மூடி போட்ட தொட்டி வைத்திருப்பவர் தண்ணீரில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடலாம். நாம் முதலில் நிரப்புகிற தண்ணீரைவிட, தினமும் ஈடு கட்டுகிற தண்ணீரைப் பத்து மடங்கு கவனிக்க வேண்டும். தொட்டியை நிரப்பும்போது மட்டும் எங்கிருந்தோ நல்ல தண்ணீர் வாங்கி வந்துவிட்டு, அப்புறம் வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் தொட்டியில் பழுப்பு போகாது.

இப்போது ஏப்ரலில் நடந்ததற்கு வருகிறேன். அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், வீடு நிறைய சொந்தக்காரர்கள், நாலு நாள் நான் தொட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் முன்கண்ணாடியில் பழைய பழுப்பு. மீட்டரைப் பார்த்தேன், 1. ஒன்றுதானே, என்ன ஆகிவிடும் என்று விட்டிருப்பேன், சந்தேகத்துக்குச் சிலிகேட் கிட்டை எடுத்து யூனிட் தண்ணீரையே சோதித்தேன். 1.2 பிபிஎம். ரெசின் தீர ஆரம்பித்தால் அது முதலில் கை விடுவது சிலிகேட்டைத்தான், ஏனென்றால் அது ரெசினில் மிகவும் தளர்வாக ஒட்டியிருக்கும் சரக்கு, வேறு அயனி வந்தால் இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் ஓடுவதை. கரைந்த சிலிகா மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதே இல்லை. அதனால் மீட்டர் 0, 1 என்று நல்ல பிள்ளையாக நிற்கும், சிலிகேட் மட்டும் தாராளமாக வந்துகொண்டிருக்கும். இந்த யூனிட் வாங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், மாதம் ஒரு முறை சிலிகேட் கிட்டும் போட்டுப் பாருங்கள்.

அன்றே புது ரெசின் போட்டேன், பத்து நாளில் கண்ணாடி தெளிந்தது. லைட்டில் எதையும் மாற்றவில்லை, நத்தையும் கூட்டவில்லை, மாறியது தண்ணீர் மட்டும். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் ரெசின் 550 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் உழைத்திருக்கிறது. ஒரு லிட்டர் ரெசின் 850 ரூபாய், என் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை ரூபாய்க்கும் சற்று மேல். இப்போது இரண்டு குழாயை ஒன்றன் பின் ஒன்றாக வைத்திருக்கிறேன், முதல் குழாய் விடுவதை இரண்டாவது பிடித்துக்கொள்ளும், முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை முன்னால் மாற்றிவிட்டுப் புது ரெசினைப் பின்னால் வைக்க வேண்டும். முதலிலேயே இரட்டைக் குழாயாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், 700 ரூபாய்தான் கூடுதல்.

இந்த யூனிட்டால் ஆகாதது என்று ஒன்று இருக்கிறது, அதையும் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பச்சைப் பாசி வந்ததும் ரெசினைத் திட்டுவீர்கள். மார்ச் முதல் வாரம், பழுப்பு போன இடத்தில் பச்சை முடிப் பாசி முளைத்தது, கல்லின் மேல் முனைகளில் அரை அங்குலத்துக்கு ஆடிக்கொண்டு நின்றது. யூனிட் தண்ணீர் 0, சிலிகேட் 0, பிறகு எங்கிருந்து? பாஸ்பரஸ் அளக்கும் ஹன்னா செக்கர் மீட்டரில் பார்த்தேன், 62 என்று வந்தது. அது காட்டுவது பாஸ்பரஸ், பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில், 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.19 பிபிஎம். நைட்ரேட் 15. உலர்ந்த கல்லுக்குள் செத்த உயிர்களின் மிச்சம் இருக்கும், அது மெல்ல மெல்லப் பாஸ்பேட் விடும். அதோடு நான் அழுக விட்ட இறால். அம்மோனியாவுக்காக இறால் போடுவது பழைய முறை, அம்மோனியாவோடு பாஸ்பேட்டும் சேர்ந்தே வரும். அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுக் கணக்கில் விட்டு 2 பிபிஎம் வரை கொண்டு வந்தால் பாக்டீரியாவுக்கு வேண்டியது மட்டும் உள்ளே போகும், 24 மணி நேரத்தில் அந்த 2 பிபிஎம் அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆனால் தொட்டி தயார் என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்த தொட்டி வைத்தால் இறால் வாசமே படாமல்தான் தொடங்குவேன்.

முடிப் பாசிக்குக் கையால் பிடுங்கியதுதான் பாதி மருந்து. சின்னக் கற்களை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் இருந்த வாளியிலேயே பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். லைட் ஆறு மணி நேரம், அதிலும் வெள்ளையைப் பாதியாகக் குறைத்து நீலத்தை மட்டும் அப்படியே விட்டேன். சென்னை கொளத்தூரில் இருந்து பாசி தின்னும் டிரோக்கஸ் நத்தை பன்னிரண்டு, இரவு பஸ்ஸில் பார்சலாக மாட்டுத்தாவணிக்கு வந்தது, விடியற்காலை போய் வாங்கி வந்து ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பழக்கித்தான் விட்டேன், பன்னிரண்டும் இன்று வரை இருக்கின்றன. பாஸ்பேட் உறிஞ்சும் துகளை இரண்டு ஸ்பூன் மட்டும் ஒரு பையில் போட்டு வைத்தேன். ஏப்ரல் கடைசியில் ஹன்னா 20, அதாவது 0.06. முடி உதிர்ந்துவிட்டது.

இரண்டு ஸ்பூனில் நிறுத்தியதற்குக் காரணம் திருநகரில் இருக்கும் என் நண்பர். அவரிடமும் இதே ஆள் பொருத்திய யூனிட்தான். தண்ணீர் சுத்தமானதும் இன்னும் சுத்தமாக்கலாம் என்று அதே துகளை ஒரு கப் நிறையப் போட்டுவிட்டார், பாஸ்பேட் பூஜ்ஜியம் ஆனது, இரண்டே வாரத்தில் சளி மாதிரி பழுப்பு இழைகள், ஒவ்வொரு இழையிலும் காற்றுக் குமிழி. அதையும் டயாட்டம் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். அது டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்கிற வேறு ஒற்றை செல் உயிர். நத்தைகள் அதைத் தின்று செத்தன. சத்து எதுவும் இல்லாத தொட்டியில் மற்ற பாசிகள் ஓய்ந்துபோன இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பார்த்து வித்தியாசம் தெரியாவிட்டால் கொஞ்சத்தை உறிஞ்சி, மூடி போட்ட பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். திரும்ப இழையாகக் கூடி நின்றால் டைனோ. அப்போது செய்ய வேண்டியது தலைகீழ் வேலை, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அவர் தொட்டி தேறி வர இரண்டு மாதம் ஆனது. ஆகவே யூனிட் சுத்தமான தண்ணீர் தருகிறது என்பதற்காகத் தொட்டிக்குள் இருப்பதை எல்லாம் துடைத்து எடுக்கக் கூடாது. நான் நைட்ரேட் 5-க்குக் கீழேயும் பாஸ்பேட் 0.03-க்குக் கீழேயும் போக விடுவதில்லை.

யூனிட்டின் பெரிய குறை கழிவுத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிறது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்து வளர்ந்த எனக்கு அது சாக்கடையில் ஓடுவதைப் பார்க்கவே மனம் கேட்கவில்லை. அதன் டிடிஎஸ் 1500, செடிக்கு ஊற்றினால் கருகிவிடும், அம்மாவின் மல்லிகைத் தொட்டியில் ஒரு வாரம் ஊற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது அது ஒரு டிரம்மில் விழுகிறது, வாசல் தெளிக்க, கழிப்பறைக்கு, வண்டி கழுவ என்று தீர்ந்துவிடுகிறது. பூஸ்டர் பம்ப் சத்தமும் இருக்கிறது, படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் மாட்ட வேண்டாம். கரண்ட் போனால் ஓடாது, அதனால் எப்போதும் 40 லிட்டர் முன்கூட்டிப் பிடித்து மூடி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எதற்கு, காரை எடுத்துக்கொண்டு மண்டபமோ ராமேஸ்வரமோ போனால் கடல் தண்ணீரே கிடைக்குமே என்று என்னிடம் பலர் கேட்டார்கள். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் என்பது ஒரு பக்கம். கரையோரத் தண்ணீரில் ஊர்க் கழிவும் கலங்கலும் சேர்ந்தே வரும், மழைக்குப் பிறகு உப்பு அளவும் மாறிவிடும், அதோடு நாளைக்கு 4 லிட்டர் ஈடு கட்டுவதற்குக் கடல் தண்ணீர் உதவாது, அதற்கு மறுபடி இந்த யூனிட்தான் வேண்டும். அங்கே கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை எடுத்து வந்து தொட்டியில் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. நம் வீட்டுத் தொட்டி அழகாக இருக்க அந்தக் கடல் வெறுமையாவதில் எனக்குச் சம்மதம் இல்லை. என் தொட்டியில் இருக்கும் இரண்டு கோமாளி மீனும் பண்ணையில் குஞ்சு பொரித்தவை, விலை கூடுதல்தான், தெரிந்தேதான் கொடுத்தேன்.

இன்றைய நிலையில் யூனிட் தண்ணீர் 0, சிலிகேட் கிட்டில் நிறமே வரவில்லை. முன்கண்ணாடியை மூன்று நாளுக்கு ஒரு முறை காந்தத் துடைப்பானால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பின்கண்ணாடியில் வேவ்மேக்கருக்குக் கீழே ரோஜா நிறத்தில் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் நாலைந்து வந்திருக்கின்றன, கோரலைன் பாசி. கேல்சியம் 420, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) 8.5 என்று வைத்துக்கொண்டு அதை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். கல் முழுக்க அது ஏறிவிட்டால் முடிப் பாசிக்குக் கால் ஊன்ற இடம் குறையும்.

யூனிட் கேட்டுப் போகிறவர்கள் சர்வீஸ்காரரிடம் டிடிஎஸ் கன்ட்ரோலர் வேண்டாம், மினரல் வேண்டாம், ரெசின் குழாய் இரண்டு, நிமிர்ந்த வசத்தில், கீழிருந்து மேல், நடுவில் டீ குழாய் என்று அத்தனையும் சொல்லிவிடுங்கள். போன வாரம் வீட்டு ஆர்ஓவுக்கு கேண்டில் மாற்ற வந்தபோது அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டே, ஆனையூரில் இன்னொரு வீட்டில் கடல் தொட்டிக்கு யூனிட் கேட்கிறார்கள், அங்கே போர் டிடிஎஸ் 1800 என்றார். அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்திருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கிட்டில் சிலிகேட் பார்த்தோம், டெஸ்ட் டியூப் நல்ல அடர் நீலமாகிவிட்டது. கிட் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அங்கேயே போனில் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.